மோரிஸ் மைனரின் பழைய தோல் இருக்கையைப் பிரித்தெறிய வேண்டுமா?

தூத்துக்குடியில் தாத்தா வீட்டு செட்டில் இருபது வருடமாக நிற்கும் 1958 மோரிஸ் மைனர் 1000 கார். சிவப்புத் தோல் இருக்கையில் தையல் விட்டிருக்கிறது, ஓட்டுநர் பக்கம் ஒரு கிழிசல், உள்ளே அடைத்தது தூளாக உதிர்கிறது, மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது, ரூஃப் லைனிங் தொங்குகிறது, டோர் பேட் வளைந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் பூசிப் பார்க்கலாமா, இல்லை குஷன் கடைக்காரர் சொல்கிறபடி எல்லாவற்றையும் பிரித்துவிட்டுப் புது ரெக்சின் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: இந்த உள்பக்கம் போய்விட்டதா, இன்னும் மிச்சம் இருக்கிறதா, அதை எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் போனது தோல் அல்ல. நூல் இற்றிருக்கிறது, அடைப்புப் பொருள் பொடிந்திருக்கிறது, பசை விட்டிருக்கிறது. மூன்றுமே வெளியே தெரியாத பாகங்கள்; மூன்றையும் மாற்றலாம். கண்ணுக்குத் தெரியும் தோலும் துணியும்தான் திரும்பக் கிடைக்காதவை. பழைய வண்டியின் பெயின்ட்டை மறுபடி அடிக்கலாம், எஞ்சினை மறுபடி கட்டலாம். ஆனால் 1958-ல் தொழிற்சாலையில் தைத்த இருக்கை ஒரு முறைதான் அசலாக இருக்கும். அதனால் எண்ணெயும் வேண்டாம், ரெக்சினும் வேண்டாம். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-ல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனமும் பாதுகாப்பதை முதலிலும் புதுப்பிப்பதை அதற்குப் பிறகும்தான் வைக்கிறது. ஆனால் சாசனத்துக்காக இதைச் சொல்லவில்லை. பிரித்தெறியும் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு மனம் மாறினாலும் ஒன்றும் செய்ய முடியாது. பாதுகாப்பதாக முடிவெடுத்தால், பிறகு எப்போது வேண்டுமானாலும் ரெக்சினுக்குப் போகலாம்.

முதலில் எது எந்தப் பொருள் என்று பிரித்துப் பாருங்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் ‘தோல் இருக்கை’ என்றால் உட்காரும் முகமும் சாயும் முகமும் மட்டும்தான் பெரும்பாலும் தோல். பக்கவாட்டு, முதுகு, டோர் பேட் எல்லாம் அதே நிறத்தில் செய்த தோல்துணி. நாம் ரெக்சின் என்று பொதுவாகச் சொல்வதிலும் இரண்டு சாதி உண்டு. பழையது பருத்தித் துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசியது. ரெக்சின் என்பதே அப்படிப்பட்ட ஒரு ஆங்கிலேயத் துணியின் வணிகப் பெயர்தான். பிறகு வந்தது பி.வி.சி. பூசியது. பழையது மெல்லிய வலைபோல் வெடிக்கும், பி.வி.சி. இறுகிப்போகும், அல்லது மென்மையாக்கக் கலந்த எண்ணெய்ப் பொருள் மேலே கசிந்து பிசுபிசுக்கும். எது என்று பார்க்கச் சிலர் ஊசியைச் சுட்டு வைத்துப் பார்ப்பார்கள். வேண்டாம். நைட்ரோசெல்லுலோஸ் எளிதில் தீப்பிடிக்கும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் எதுவும் இரண்டின் மேலும் படக்கூடாது என்பது தெரிந்தால் போதும். தோலின் மேல்பூச்சும் அந்தக் காலத்தில் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்தான். அதனால் ‘ஸ்பிரிட் தொட்டுத் துடை’ என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். நீங்கள் துடைத்தெடுப்பது அழுக்காக இருக்காது, தொழிற்சாலை போட்ட நிறமாக இருக்கும்.

தோலின் நிலையைப் படத்தை வைத்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கையில் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். பின் இருக்கையின் அடிப்பகுதி கையோடு தூக்கினால் வந்துவிடும். அதன் அடியில் மடித்துவிட்டிருக்கும் தோல் ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்ல வளையுங்கள். வளைந்து திரும்பினால் உயிர் இருக்கிறது. அப்பளம்போல் ஒடிந்தால் அது வேறு கதை, கடைசியில் சொல்கிறேன். அடுத்து, வெட்டிய ஓரத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். குறுக்குவெட்டு நீலச் சாம்பல் நிறமாக இருந்தால் குரோம் உப்பில் பதனிட்டது. பழுப்பாக இருந்தால் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. உள்வரை சாயம் ஏறியிருந்தால் இந்தச் சோதனை தெளிவு தராது. போருக்குப் பிந்தைய கார் தோல் பெரும்பாலும் குரோம்தான், நம் ஊர்க் காற்றில் அது நன்றாகவே தாங்கும். விரலால் தேய்த்தால் செம்பழுப்புப் பொடி ஒட்டுகிறதா? ஒட்டினால் அது பட்டைச் சாற்றுத் தோலுக்கு அமிலத்தால் வரும் ‘செந்தூள் நோய்’. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது. பட்ட இடம் கறுத்து இறுகிப்போகும்.

அடுத்து அந்த வெள்ளைப் படர்வு. அது பூசணமாகவும் இருக்கலாம், தோலுக்குள் இருக்கும் கொழுப்பு மேலே வந்து உறைந்ததாகவும் இருக்கலாம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வைத்தியம் வேறு. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு முழம் தள்ளிப் பிடித்து அரை நிமிடம் காட்டுங்கள். கொழுப்பானால் உருகி மறையும், பூசணம் அப்படியே இருக்கும். லென்ஸில் பார்த்தால் பூசணத்தில் நூல்நூலாகத் தெரியும். கொழுப்பென்றால் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் முடிந்தது. பூசணமென்றால் துடைப்பதற்கு முன்னால் அது ஏன் வந்தது என்பதைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலம் வந்தால் திரும்ப வரும்.

காரணம் ஈரம்தான். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கும். கடலோரத்தில் அது வருடத்தில் பாதி நாள் இருக்கும் அளவு. ஒரு டிஜிட்டல் ஈரமானியை வாங்கி வண்டிக்குள் ஒன்று, செட்டில் ஒன்று வையுங்கள். வண்டிக்குள் செட்டைவிட அதிகம் காட்டினால் தண்ணீர் எங்கோ உள்ளே வருகிறது. மைனரில் முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங், கதவின் அடியில் அடைத்துக்கொண்ட வடிகால் துளைகள், தரைத் தகட்டின் இணைப்புகள், இந்த மூன்றும்தான் முதல் சந்தேகம். பீடிங்கின் உள்பக்கம் முழுக்க முகப்பவுடரைத் தூவி, ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, வெளியே இன்னொருவர் ஹோஸ் பைப்பில் மெல்லிய ஓட்டமாக விட வேண்டும். கீழிருந்து மேலாக வாருங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் தண்ணீர் கீழே எங்கே புகுந்தாலும் மேலே புகுந்ததாகத்தான் தோன்றும். பவுடரில் கோடு விழும் இடம்தான் ஓட்டை. இருக்கைகளை வெளியே எடுத்த பிறகுதான் இந்தச் சோதனை.

தரை மேட்டை எடுத்தால் அடியில் சணல் ஃபெல்ட் இருக்கும். அது ஸ்பாஞ்சுபோல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மேலே ஈரத்தையும் கீழே துருவையும் கொடுக்கும். அதைக் காப்பாற்ற முயல வேண்டாம். அளவும் வெட்டும் காகிதத்தில் எடுத்துக்கொண்டு, உள்ளங்கை அளவு ஒரு துண்டை மட்டும் மாதிரிக்கு வைத்துவிட்டு மாற்றுங்கள். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஒட்டியிருக்கும் பழைய சூடுதடுப்புப் பட்டைகளை மட்டும் உதறவோ சுரண்டவோ கூடாது. அந்தக் காலத்துப் பட்டைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்பு உண்டு. அசையாமல் இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் பற்றிப் பலரும் சொல்வார்கள். காற்றுப்புகாத பெட்டிக்குள் அது அருமையான பொருள், ஆனால் கார் பெட்டி அல்ல. நூறு இடுக்கு வழியாகக் காற்று வந்துபோகும். அரை கிலோ பொட்டலம் கடலோரக் காற்றை உறிஞ்சி ஓரிரு நாளில் நிறைந்துவிடும். செட்டைச் சுமாராக அடைத்து ஒரு டிஹியூமிடிஃபையர் ஓட்ட முடிந்தால் 50 முதல் 60 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். அதற்கும் கீழே இறக்கினால் தோல் இறுகும். அது முடியாதென்றால் காற்றோட்டம்தான் வழி. எல்லாக் கண்ணாடியையும் இரண்டு விரல் இறக்கி, அந்த இடைவெளிக்கு இரும்பு வலை வைத்து, செட்டில் ஒரு மின்விசிறியைச் சுற்றவிடுங்கள். அசையும் காற்றில் பூசணம் எளிதில் ஊன்றாது. தார்ப்பாய், பிளாஸ்டிக் கவர் எதுவும் போடாதீர்கள். பழைய பருத்தி வேட்டியோ படுக்கை விரிப்போ போதும். செட்டின் தரை வெறும் சிமென்ட் என்றால் கனமான பாலிதீன் ஷீட்டை விரித்து அதன்மேல் வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் நிற்கும்.

இத்தனை வருடம் நின்ற வண்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூட்டையும் புழுக்கையையும் வெறும் கையால் அள்ளாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரத்திலிருந்துதான் வருகிறது. கையுறை, என்-95 முகமூடி போட்டுக்கொண்டு, தகட்டின்மேல் கிடப்பதைக் கிருமிநாசினி தெளித்து நனைத்து அள்ளுங்கள். தோல், துணி மேல் கிடப்பதை இடுக்கியால் பொறுக்குங்கள். பிறகு பெடல் துளை, வயர் துளை, டிக்கி ஓரம் எல்லாவற்றையும் 6 மி.மீ. கண்ணுள்ள வலையால் அடையுங்கள். ரசகற்பூர உருண்டை போடும் பழக்கத்தை விடுங்கள். அதன் ஆவி பழைய பிளாஸ்டிக்கையும் பூச்சையும் இளக்கும், வாசனை வருடக்கணக்கில் போகாது, உள்ளே உட்காருபவருக்கும் நல்லதல்ல. எலி வராமல் தடுப்பதற்கு அது நம்பகமான வழியும் இல்லை.

இனிச் சுத்தம். எதையும் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாகத்தையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். இருக்கையின் உயரம், தையல் ஒரு அங்குலத்துக்கு எத்தனை, கிளிப் எத்தனை என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு உலர் சுத்தம். வாக்குவம் கிளீனரின் வாயில் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்டி ரப்பர் பாண்டு போடுங்கள், உறிஞ்சும் வேகத்தைக் குறையுங்கள். வாயைத் தோலின்மேல் வைத்து இழுக்கக்கூடாது. ஒரு கையில் மென்மையான பெயின்ட் பிரஷால் தூசியைத் தள்ளி, மறுகையில் இரண்டு அங்குலம் தள்ளி வாயைப் பிடிக்க வேண்டும். உதிர்ந்த பூச்சுச் சில்லோ பிரிந்த நூலோ உள்ளே போகாமல் வலையில் நின்றுவிடும். பூசணம் இருக்கும் பாகத்தை வெளியே நிழலில் வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். பாதிக்கு மேற்பட்ட அழுக்கு இந்தக் கட்டத்திலேயே போய்விடும். தண்ணீர் தொடாமலே பல இருக்கைகள் கண்ணுக்கு நிறைவாக வந்துவிடுவது உண்டு.

ஈரச் சுத்தம் தேவைப்பட்டால், முதலில் மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் மேல்பூச்சு இருக்கிறது. உடனே உறிஞ்சிக் கறுத்தால் அங்கே பூச்சு இல்லை, அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதே அலமாரியில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். ஒரு லிட்டருக்கு 3 மி.லி. ட்வீன் 20 அல்லது டிரைட்டன் எக்ஸ்-100 போன்ற அயனியற்ற சோப்பு. ஆய்வக ரசாயனக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். குளியல் சோப்பு, துணி சோப்பு, பாத்திர பார் எல்லாம் காரத்தன்மை உள்ளவை, பி.எச். 9, 10 என்று இருக்கும். தோல் அமிலப் பக்கம் இருக்கும் பொருள், சுமார் 4, 5. காரம் பட்டால் பதனிட்ட கட்டமைப்பே தளரும். பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, உள்ளங்கை அளவு இடத்தில் உருட்டுங்கள், தேய்க்காதீர்கள். குச்சியில் பழுப்பு வந்தால் அழுக்கு. சிவப்பு வந்தால் நிறுத்துங்கள், அது நிறம். சோப்பில்லாத தண்ணீர்க் குச்சியால் இன்னொரு முறை உருட்டி, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். வெடிப்பு நிறைந்த இடத்தில் ஈரக்குச்சியே வேண்டாம். அழுக்குத் தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கினால் கறுப்புக் கோடாக நிரந்தரமாகிவிடும். ஒரு இருக்கைக்கு ஒரு முழு நாள் ஆகும். அவசரப்பட்டால் பார்த்தவுடன் தெரியும்.

எண்ணெய்க்கு வருகிறேன். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். ‘தோல் காய்ந்துவிட்டது, எண்ணெய் காட்டினால் மெத்தென்று ஆகும்’ என்பது செருப்புக்கும் மாட்டுக் கழுத்துப் பட்டைக்கும் சரியாக இருந்த அறிவு, ஏனென்றால் அவற்றின்மேல் பூச்சு கிடையாது. கார் தோலின் மேல் லேக்கர் இருக்கிறது. நீங்கள் பூசும் எண்ணெய் அதன் வழியாக இறங்காது, வெடிப்பு வழியாக மட்டும்தான் இறங்கும். இறங்கிய இடம் கறுக்கும், இறங்காத இடம் பிசுக்காக நின்று தூசியைப் பிடிக்கும். பதனிடும் இடத்தில் கொழுப்பைப் பால்போல் தண்ணீரில் கலந்து, ஈரத் தோலை அதில் உருட்டி நாருக்கு நார் ஏற்றுவார்கள். அதை மேலிருந்து துணியால் தேய்த்துத் திரும்பச் செய்ய முடியாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், அதனால் மார்கழிக் காலையில் மேலே வெள்ளையாகப் பூக்கும். பூசணத்துக்கும் பூச்சிக்கும் அது தீனி. இவற்றைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு: எண்ணெய் ஊறிய தோலில் எந்தப் பசையும் பிடிக்காது. நாளைக்கு அந்தக் கிழிசலுக்கு உள்ளே ஒட்டுப் போட வேண்டும் என்றால் வழியே இருக்காது. கடையில் விற்கும் பளபளப்பு கண்டிஷனர்களில் சிலிக்கோன் இருந்தால் அதற்கும் இதே கதிதான்.

தோலுக்கு எண்ணெய்க் கலவை பூசுவது நல்லதா என்பதில் அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாப்பவர்களிடையே ஒரு காலத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. கம்பளிக் கொழுப்பும் தேன்மெழுகும் சேர்ந்த பிரிட்டிஷ் மியூசியம் கலவையை உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் பூசினார்கள். இப்போது அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அதைக் கைவிட்டுவிட்டன. அன்றாடம் ஓடும் வண்டியில், நல்ல பூச்சுள்ள தோலில், எப்போதாவது கொஞ்சம் கிரீம் தடவினால் கெடுதல் வருமா என்பது இன்னும் வாதத்துக்கு உரியது. அறுபது வருடத்துக்கு மேலான, வெடித்த, ஒட்டுப் போட வேண்டிய தோலில் தடவக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இறுகிய தோலுக்கு வேண்டியது பெரும்பாலும் சரியான ஈரப்பதம்தான். 55 சதவீதக் காற்றில் இரண்டு வாரம் நிழலில் இருந்தாலே அது எவ்வளவு இளகுகிறது என்று பாருங்கள்.

தையலுக்கு வருவோம். பருத்தி நூல்தான் முதலில் இற்றுப்போகும், அதைத்தான் குஷன் கடைக்காரர் ‘சீட்டே போச்சு’ என்று சொல்கிறார். தோலில் ஊசித்துளைகள் அப்படியே இருக்கின்றன. தேன்மெழுகு தடவிய லினன் நூல் அல்லது பருத்தி நூலால், வளைந்த ஊசி கொண்டு, அதே துளைகள் வழியாகக் கையால் திரும்பத் தைக்கலாம். மெஷினில் கொடுக்கவே கூடாது. மெஷின் ஊசி புதுத் துளை போடும். பழைய துளைக்கும் புதியதுக்கும் நடுவில் அஞ்சல் தலை ஓரம்போல் ஆகி, உட்கார்ந்த அன்றே நீளமாகக் கிழியும். கனமான பாலியெஸ்டர் நூலும் வேண்டாம். தோலைவிட நூல் பலமாக இருந்தால் இழுவை வரும்போது அறுபடுவது தோல். நூல் பலவீனமாக இருந்தால் நூல் அறும், திரும்பத் தைத்துக்கொள்ளலாம். துளைகள் ஏற்கெனவே ஒன்றோடொன்று சேர்ந்து கிழிந்திருந்தால், தைப்பதற்கு முன் உள்பக்கம் ஒரு பருத்தி நாடாவை ஒட்டி, இழுவையை நாடா தாங்கும்படி செய்ய வேண்டும்.

கிழிசலுக்கும் இதே முறைதான்: மேலே ஒன்றும் இல்லை, எல்லாம் அடியில். கிழிசலைவிட நான்கு பக்கமும் 2 செ.மீ. பெரிதான ஒட்டு வெட்டுங்கள். அரை மி.மீ. கனத்துக்குச் சீவிய ஆட்டுத்தோல் நல்லது. சென்னை பெரியமேட்டுத் தோல் கடைகளில் லைனிங் தோல் என்று கேட்டால் கிடைக்கும். ஓரங்களைச் சரிவாகச் சீவாவிட்டால் ஆறு மாதத்தில் ஒட்டின் வடிவம் மேலே தடித்துத் தெரியும். பசையாகப் பழம்பொருள் பாதுகாப்பு வேலையில் பயன்படும் பீவா 371 ஃபிலிம் வைக்கலாம். சுமார் 65 டிகிரி சூட்டில் ஒட்டும், பிறகு வேண்டுமென்றால் அதே சூட்டில் கழற்றலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், விலையும் அதிகம்தான். சின்ன இஸ்திரியை சிலிக்கோன் காகிதத்துக்கு மேல் வைத்துப் பத்து விநாடிக்கு மேல் போகாமல் அழுத்துங்கள். செந்தூள் வந்த தோலில் இந்தச் சூடே அதைச் சுருக்கிவிடும், அங்கே இந்த முறை கூடாது. குஷன் கடையின் மஞ்சள் ரப்பர் பசையை மட்டும் அண்டவிடாதீர்கள். முதல் வருடம் நன்றாகப் பிடிக்கும். பிறகு பழுப்பாகி, வெளியே கசிந்து, இறுகி, கழற்ற முடியாமல் தோலோடு வரும். மைதாப் பசையைப் புத்தகக் கட்டில் வைக்கலாம், காரில் வைத்தால் பூச்சி வரும். ஒட்டு போட்ட பிறகும் மேலே மெல்லிய கோடு தெரியத்தான் செய்யும். அது தெரியட்டும். அதை மறைக்க இருக்கை முழுக்க நிறம் அடித்தால், மீதி இருந்த அசல் பூச்சும் போய்விடும்.

உதிரும் தூள் பெரும்பாலும் லேடெக்ஸ் ஃபோம் அல்லது ரப்பர் கலந்த குதிரைமயிர். காற்றின் ஆக்சிஜனில் முறுகி உதிர்ந்த ரப்பரைத் திரும்பச் சேர்க்க எந்த மருந்தும் இல்லை. மாற்ற வேண்டியதுதான், அதில் குற்ற உணர்வும் வேண்டாம். ரப்பர் கலந்த தேங்காய் நார் பலகையும், மேலே பருத்தி ஃபெல்ட்டும் பழைய உணர்வுக்கு மிக அருகில் வரும். கடினமான புது ஃபோம் வைத்தால் இருக்கை புதிதுபோல் உப்பலாக நிற்கும். அந்த உப்பல்தான் அறுபது வருடத் தோலை மடிப்பில் கிழிக்கும். நோட்டில் எழுதிய உயரத்தைவிட ஒரு செ.மீ. குறைவாகவே நிரப்புங்கள். நாருக்கும் தோலுக்கும் நடுவில் துவைத்துக் கஞ்சி போன மல் துணி ஒன்றைப் போடுங்கள், நார் முனை தோலின் அடியை அறுக்காது. ஸ்பிரிங் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, துருத் தடுப்பு பெயின்ட் அடித்து, முழுதாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். உறையைக் கழற்றும்போது கிளிப் ஒவ்வொன்றாக விரிக்க வேண்டும். தோலைப் பிடித்து இழுக்கக்கூடாது, ஏசி அறையில் இறுகிய நிலையில் கழற்றவும் கூடாது.

மைனரின் ரூஃப் லைனிங் கூரையில் ஒட்டியது அல்ல, கம்பிகளில் கோத்துத் தொங்கவிட்டது. தொங்குகிறது என்றால் ஓரத்துப் பசை விட்டிருக்கும். ஓரத்தை மட்டும் பார்த்தால் போதும். ஸ்ப்ரே பசையைத் துணியின் முதுகில் அடித்தால் ஊறி முன்பக்கம் கறையாக வரும். துணி கம்பளியாக இருந்து அரித்த ஓட்டைகள் தெரிந்தால், கழற்ற முடிகிற துண்டுகளையும் கம்பளி மேட்டையும் பாலிதீன் பையில் காற்றைப் பிழிந்து மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு நாள் பையைத் திறக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் துணிமேல் தண்ணீர் கோக்கும். லைனிங்கைத் துவைக்காதீர்கள், கறை போகாது, கறையைச் சுற்றி வளையம்தான் வரும்.

டோர் பேட் வளைவதற்குக் காரணம் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர். அட்டையின் கிளிப்புகளை அகலமான பிளேடு விட்டு ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். ஸ்க்ரூடிரைவர் விட்டால் அட்டை பிய்ந்து கிளிப் கதவிலேயே தங்கும். முதுகுப்பக்கத்தில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்து, இரண்டு பலகைக்கு நடுவில் செங்கல் பாரம் ஏற்றிப் பத்து நாள் விட்டால் ஓரளவு நிமிரும், முழுதாக நிமிராது. திரும்ப மாட்டும்போது கதவுத் தகட்டின்மேல் ஒரு பாலிதீன் ஷீட்டை ஒட்டி, அதன் கீழ் ஓரத்தைக் கதவின் உள்பக்கமாக நுழைத்துவிடுங்கள். தண்ணீர் உள்ளேயே வடியும்.

அப்பளம்போல் ஒடியும் தோல் பற்றிச் சொன்னேன். அந்த நிலை வந்துவிட்டால் அது பார்ப்பதற்கு மட்டுமே; உட்காரும் பலத்தை அதற்கு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. வண்டியை ஓட்டவும் வேண்டும் என்றால், அசல் உறையைக் கழற்றி, மடிக்காமல், உள்ளே பருத்தி அடைத்து உருவம் கொடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அதே அளவில் புது உறை தைத்துப் போடுங்கள். குஷன் கடைக்காரரின் கைத்திறன் அப்போது தேவைப்படும், அதற்கு முன் கைத்தையலுக்கும் தேவைப்படும். அவரை ஒதுக்காதீர்கள். வேலை உங்கள் வீட்டில் நடக்க வேண்டும், கழற்றியது எதுவும் குப்பைக்குப் போகக்கூடாது, மெஷின் கூடாது, ரப்பர் பசை கூடாது என்ற நான்கு நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிட்டு, நாள்கூலியாகப் பேசுங்கள். மொத்த வேலைக்கு விலை பேசினால் சீக்கிரம் முடிப்பதுதான் அவருக்கு லாபம்.

தோல் நன்றாக இருந்து நீங்கள் உட்கார ஆரம்பித்தாலும், இருக்கையின்மேல் வெள்ளைப் பருத்தித் துண்டு விரித்து உட்காருங்கள். தலையெண்ணெயும் வியர்வை உப்பும் தோலுக்கு இறங்காது. வெயிலில் நிறுத்தினால் உள்பக்கம் 60 டிகிரியைத் தொடும், இத்தனை நாள் செய்த வேலையை ஒரு கோடை தின்றுவிடும். இருக்கையின் அடியில் மடித்திருக்கும் தோலின் வெட்டிய ஓரம் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் ஒரு படமும், கிழிசலுக்கு அளவுகோல் வைத்து ஒரு படமும் போடுங்கள். குரோம் தோலா பட்டைத் தோலா என்று தெரிந்த பிறகு ஒட்டு விஷயத்தில் இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும். அதுவரை செய்ய வேண்டியவை இரண்டுதான்: கண்ணாடியை இறக்கி வலை வைப்பது, ஈரமானி வாங்குவது.